பத்துக்கு எட்டு ஷெட்

செப். 8, திங்கள்

காலை ஏழுக்கே வெயில். இரண்டு சட்டை மாற்றியாயிற்று. சேலையூரில் ஓர் இலைகூட ஆடவில்லை.

பின்பக்கத் தோட்டத்தில் ஒரு ஷெட் கட்ட வேண்டும். தோட்டச் சாமான் எல்லாம் மகள் ஷீபாவின் அறையில். அவள் கல்யாணமாகிப் போன இரண்டு வருஷத்தில் நான் சேர்த்தவை: சாணி உரம் நான்கு மூட்டை, மண்புழு உரம் இரண்டு, அலுமினிய ஏணி, கடப்பாரை, மண்வெட்டி, மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர், காலித் தொட்டி பதினெட்டு, ஓடாத மோட்டார் ஒன்று. கட்டில் எங்கே என்று தேட வேண்டும்.

ஷீபா போன், கூடுவாஞ்சேரியிலிருந்து. கொஞ்ச நாள் இங்கே வந்து இருக்கட்டுமா என்றாள். "ரூம் ரெடியா இல்லம்மா. ஷெட் போட்டதும் வா." எத்தனை நாளாகும் என்றாள். ஒரு வாரம் என்றேன். எதற்காக வருகிறாள் என்று கேட்கவில்லை. என் மனைவி லில்லிக்குத் தெரியும் போலிருக்கிறது. சமையலறையில் பாத்திரங்கள் மேல் கோபம்.

செப். 10, புதன்

ஆபீஸில் என்னோடு இருந்த சாமுவேல், இன்டர்நெட்டிலிருந்து ஷெட் பிளான்கள் இறக்கி அனுப்பியிருக்கிறான். ஆயிரக்கணக்கில். மதியம் வரை பார்த்தேன். எல்லாம் மரம். கறையானுக்கு விருந்து. கூரை செங்குத்தாக, பனி சறுக்கி விழுவதற்காம். தாம்பரத்தில் பனி! ஒன்றில் ஜன்னலுக்குக் கீழே பூத்தொட்டி, கதவில் இதய வடிவத்தில் ஓட்டை. தரையிலிருந்து எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று ஒன்றிலும் இல்லை. டிசம்பரில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்று வரைந்தவனுக்கு எப்படித் தெரியும்.

முப்பத்து நான்கு வருஷம் டிராயிங் போர்டு முன்னால் நின்றவன் நான். தொழிற்சாலை ஷெட்களே எத்தனை வரைந்திருப்பேன். எனக்குப் பிளான் அனுப்புகிறான். "சூப்பர்" என்று பதில் போட்டேன்.

செப். 13, சனி

பக்கத்து வீட்டு வெங்கடேசன், பேங்கில் ரிடையர் ஆனவர், சுவருக்கு மேல் தலையை நீட்டினார். "கொய்யா மரத்தாண்ட போடப் போறீங்களா? ஐயோ, அது ஈசானிய மூலை சார். வெயிட்டே வரக் கூடாது. தென்மேற்கு, நைருதில போடுங்க."

"நாங்க கிறிஸ்டியன்ஸ் சார்."

"வாஸ்துக்கு மதம் ஏது சார், அது சயின்ஸ்."

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு பிளான் வேறு போட்டுக் கொடுத்தார். ஒரு கோடுகூட நேராக இல்லை. அந்த மூலையில் எங்கள் செப்டிக் டேங்க் இருக்கிறது என்றேன். அரை நிமிஷம் யோசித்தார். "டேங்க்கை மாத்திடுங்களேன்." இந்த மனிதர் கையெழுத்தில் எத்தனை பேர் லோன் வாங்கி வீடு கட்டியிருக்கிறார்களோ.

லில்லி: "ஒரு வாரம்னீங்க." இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்றேன்.

செப். 16, செவ்வாய்

மேகமூட்டம். மழை இல்லை. கேம்ப் ரோட்டில் வெல்டிங் கடை வைத்திருக்கும் குமார் வந்தான். டேப்பை எடுக்கவே இல்லை. காலால் எட்டு வைத்து நடந்தான்.

"பத்துக்கு எட்டு சார். ஸ்டாண்டர்டு. நாலு பைப்ப நட்டு மேல ஷீட்டு. ரெண்டே நாளு."

பிளான் எங்கே என்று கேட்டேன்.

"அதெல்லாம் மண்டைல கீது சார்."

என் டிராயிங்கைக் காட்டினேன். மூன்றாவது. மேலிருந்து, முன்னாலிருந்து, பக்கவாட்டில், எல்லாம் ஸ்கேலுக்கு. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

"இன்னா சார், கடப்பாற வெக்கிற எடத்துக்கு ஏர்போர்ட்டு மாரி வரஞ்சிகினு கீறீங்க."

அனுப்பிவிட்டேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்றுகூட யோசிக்காத ஜென்மம். முதல் புயலில் ஷீட் பறந்து வெங்கடேசன் மாடியில் விழும். அதில் ஒன்றும் நஷ்டமில்லை.

செப். 21, ஞாயிறு

சர்ச். புழுக்கம். மாப்பிள்ளை டேனி பாடகர் குழுவில், அங்கி போட்டுக்கொண்டு. கனத்த குரல். அவன் வாய் திறந்தால் பெஞ்சு அதிரும். ஷீபா பெண்கள் பக்கம், மூன்றாவது வரிசை. முழுக்கைப் பிளவுஸ். இந்தப் புழுக்கத்தில். பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடிக்காமல் முன் பெஞ்சின் மேல் வைத்துப் பாடினாள்.

வாசலில் கமிட்டிக்காரர் செல்லையா: "உங்க மருமகன் வாய்ஸ் இருக்கே பிரதர், அது கர்த்தர் குடுத்தது. ஃபேமிலின்னா உங்க ஃபேமிலி." நானும் கமிட்டியில் இருக்கிறேன். இப்படி யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்கும். இங்கே யார் பார்க்கப் போகிறார்கள், எழுதிவைக்கிறேன்: ரொம்பப் பிடிக்கும்.

சாயங்காலம் நான்காவது டிராயிங். கூரைச் சரிவு போதவில்லை. கிழித்தேன்.

செப். 24, புதன்

ஷீபா போன். பதினோரு மணி, அவள் ஆபீஸிலிருந்து, தாழ்ந்த குரலில்.

"ஷெட் ஆச்சாப்பா?"

"கதவு எந்தப் பக்கம் திறக்கணும்னு பாத்துட்டிருக்கேம்மா."

"சரிப்பா." வைத்துவிட்டாள்.

கதவு வெளியே திறந்தால் கொய்யா மரம் இடிக்கும். உள்ளே திறந்தால் இடம் போகும். தள்ளுகதவு என்றால் துரு.

வாங்க: 2H பென்சில், ரப்பர், பி.பி. மாத்திரை.

செப். 29, திங்கள்

ஏழாவது டிராயிங். இதில் எவனும் குறை சொல்ல முடியாது. லில்லியிடம் எடுத்துப் போனேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"டேனி அவளை அடிக்கிறான். ஆகஸ்ட்லருந்து. கையெல்லாம் கன்னிப் போயிருக்கு. அப்பாகிட்ட சொல்லாதேன்னா. நீங்க தாங்க மாட்டீங்களாம்."

பாஸ்டரை வைத்துப் பேசிப் பார்க்கலாமே என்றேன். நான்தான். அப்படியேதான் சொன்னேன்.

குழாயை மூடினாள். "மாப்பிள்ளை பாக்க எவ்ளோ நேரம் ஆச்சு உங்களுக்கு? ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். ஒரு டீ, ரெண்டு துண்டு கேக். நல்லா பாடுறான்னீங்க, முடிஞ்சுது. கடப்பாரை வெக்க ஏழு பிளான்."

மறுபடி குழாயைத் திறந்துகொண்டாள்.

உண்மைதான். நாலரைக்குப் போனோம், ஆறே காலுக்கு வீட்டில் இருந்தோம். ஒரு ஆளிடம் விசாரிக்கவில்லை. சர்ச் பையன், குரல் நன்றாக இருக்கிறது. குமாரைப் பார்த்துச் சிரித்த மூளை இது. அவனாவது காலால் அளந்தான்.

8ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஷெட்டை முதலில் எழுதி, போனை அதற்குப் பிறகு எழுதியிருக்கிறேன். போன்தான் முதலில் வந்தது. அவள் வரட்டுமா என்று கேட்கும் வரை இரண்டு வருஷமாக எனக்கு ஷெட் தேவைப்படவில்லை. என் டைரியிலேயே எனக்குப் பொய் எழுதிவைத்திருக்கிறேன். அசிங்கம். சர்ச் வாசலில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதற்காக, அடி வாங்குகிறவளைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று காக்கவைத்தேன்.

செப். 30, செவ்வாய்

ஆறு மணிக்கு ஆரம்பம். உரமூட்டைகள் கொய்யா மரத்தடியில். ஏணி மாடிப்படிக்குக் கீழே. தொட்டிகள் மாடியில். மோட்டார் பழைய இரும்புக் கடைக்கு. எட்டரைக்கு அறை காலி. லில்லி பினாயில் போட்டுத் துடைத்தாள். இரண்டரை மணி நேர வேலை. மூன்று வாரம் வரைந்தேன்.

ஷீபாவுக்குப் போன். "ரூம் ரெடிம்மா."

"ஷெட் போட்டாச்சாப்பா?"

"இல்ல. நீ வா."

அழுதாள். அவள் லீவு போட்டாள். நானும் லில்லியும் லோக்கல் ரயிலில் கூடுவாஞ்சேரி போய், டேனி ஆபீஸில் இருந்த நேரத்தில் டாக்ஸி வைத்துக் கூட்டிவந்தோம். இரண்டு பெட்டி, ஒரு தலையணை. வழியெல்லாம் பெருங்களத்தூர் டிராஃபிக்கைத் திட்டினேன். வேறு எதுவும் பேசத் தெரியவில்லை.

அக். 1, புதன்

நாலு மணிக்குப் பேய் மழை. தார்ப்பாய் போதவில்லை. மூட்டைகள் ஊறித் தோட்டம் முழுக்க நாற்றம். வெங்கடேசன் மூக்கைப் பிடித்துக்கொண்டு: "ஈசானியத்துல வெயிட் வேணாம்னேனே சார்." ஷீபா மதியம் முழுக்கத் தூங்கினாள். மழைச் சத்தத்துக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

அக். 5, ஞாயிறு

மூவரும் சர்ச்சுக்கு. ஷீபா அரைக்கைப் பிளவுஸ். அவளாகத்தான் எடுத்துப் போட்டுக்கொண்டாள். செல்லையா அந்தக் கையைப் பார்த்தார். உடனே அவருக்கு வானத்தில் ஏதோ வேலை வந்துவிட்டது. இந்த ஆட்களின் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்காக இத்தனை வருஷம்.

டேனி அங்கியைக் கழற்றாமலே வந்தான். "எப்போ அனுப்புவீங்க மாமா? வீட்ல சமைக்கக்கூட ஆள் இல்ல."

"அனுப்ப மாட்டேன்."

"மெதுவா பேசுங்க மாமா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நீ அடிக்கிறியே, அதனால அனுப்ப மாட்டேன்."

சத்தமாகவே வந்தது. வீட்டில் லில்லி கேட்காமலே காபி கொடுத்தாள்.

அக். 6, திங்கள்

வெயில். குமாருக்குப் போன் போட்டேன்.

"பிளானு இன்னா ஆச்சு சார்?"

"உன் மண்டைல இருக்கிறதையே போடு."

நாளைக்கு வருகிறான். ஷீட் பறக்கத்தான் போகிறது. இருந்தாலும் இடத்தையாவது ஒழுங்காக அளந்து வைக்கலாம் என்று டேப்பை எடுத்தேன். ஷீபா வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

கை வலிக்கிறதா என்று கேட்டேன். இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

"இப்ப இல்லப்பா. டேப்பை நேரா பிடிங்க."