பதினோரு கைகளில் உங்கள் நம்பர்

என் வாய்க்கு முதல் ரசிகையாகவும் ஒரே பூட்டாகவும் இருந்த சகுந்தலா அக்காவுக்கு,

இதை நின்றுகொண்டு படிக்காதீர்கள். அங்கே உட்கார இடமிருந்தால் உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் போன பிறகு வந்த முதல் காணும் பொங்கல் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. நம் பிளாட் பிள்ளைகளை வேனில் ஏற்றிப் பூண்டி ஏரிக்கு அழைத்துப் போகும் உங்கள் வேலை இந்த வருஷம் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அசோசியேஷன் கூட்டத்தில் யாரோ, "சகுந்தலா அக்கா இல்லாம இந்த வருஷம் வேணாமே" என்றார்கள். "ஏன், நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. அந்த வெட்கத்திலேயே ஒப்புக்கொண்டேன்.

உங்களுக்குத் தெரியாத ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் மாடிக்கு ஈரோட்டிலிருந்து புதிதாக வந்திருக்கிறார்கள். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலை. அவள் பெயர் கவிதா. ஆறு வயதில் மித்ரா என்று ஒரு பெண். காணும் பொங்கலன்று கவிதாவுக்கு லீவு இல்லை. அவள் கம்பெனிக்குப் படியளக்கிற வெளிநாட்டுக்காரனுக்குப் பொங்கல் கிடையாதாம். குழந்தையை மட்டும் அனுப்பச் சம்மதித்தாள். சம்மதித்துவிட்டு மூன்று முறை கீழே இறங்கி வந்தாள்.

"ஆன்ட்டி, தண்ணிகிட்ட விட மாட்டீங்கல்லங்க?"

"மாட்டேம்மா."

"பாப்பா கேட்டாலும் விடாதீங்க ஆன்ட்டி. அவ இதுவரைக்கும் எங்களை விட்டுட்டு எங்கயும் போனதில்லைங்க."

"என் முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கறேன். நீ போயி வேலையப் பாரும்மா" என்றேன்.

காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் தடுப்பூசிக்கு நிற்பதுபோல் வரிசையாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நீங்கள் செய்வது போலவே மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு இடது கையிலும் போன் நம்பரை எழுதி, ஊதிக் காய வைத்தேன். பதினோரு கை. நீங்களே பார்த்திருந்தால் கையெழுத்துக்கு மட்டுமாவது ஒரு சபாஷ் போட்டிருப்பீர்கள்.

பூண்டியில் திருவிழாக் கூட்டம். திருவள்ளூர், ஆவடி, பூந்தமல்லி என்று எல்லா ஊர்ப் புளியோதரையும் அங்கே வந்திருந்தது. ஒரு மரத்தடியில் பாயை விரித்துப் பிள்ளைகளைச் சாப்பிட வைத்தோம். துணைக்கு மூன்றாம் மாடி விமலா வந்திருந்தாள். வயிறு நிறைந்ததும் எனக்கு என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆரம்பித்தேன். கவிதாவைப் பற்றித்தான். "தேங்காய்ச் சட்னியக்கூட போன்ல சொல்லித்தான் வாங்கறா விமலா. காலைல கதவுல பை தொங்குது, நானே பார்த்தேன்." விமலா சிரித்தாள். எனக்கு ஒருவர் சிரித்தால் போதாதா? அடுத்ததையும் எடுத்துவிட்டேன். "எந்நேரமும் மடியில லேப்டாப்பு. அந்தப் புள்ள அம்மா மூஞ்சியப் பார்த்ததவிட லேப்டாப் மூடியப் பார்த்ததுதான் ஜாஸ்தி." விமலாவுக்குப் புரையேறியது. நான் தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பினேன். எனக்குப் பின்னால் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மித்ரா அங்கே இல்லை.

முதலில் கழிப்பறைப் பக்கம் ஓடினேன். பிறகு ஊஞ்சல். பிறகு வேன். தண்ணீர்ப் பக்கம் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். அந்தக் கூட்டத்தில் மித்ரா மாதிரியே சிவப்புக் கவுன் போட்ட குழந்தைகள் எத்தனை பேர் தெரியுமா அக்கா? ஒவ்வொரு சிவப்புக்கும் உயிர் வந்து, ஒவ்வொரு முகத்துக்கும் போனது.

"கையிலதான் நம்பர் இருக்கே, யாராச்சும் கூப்பிடுவாங்க" என்று விமலாவுக்குத் தைரியம் சொன்னேன். போனைக் கையில் பிடித்துக்கொண்டு வெறித்துப் பார்த்தேன். அது பேசாமல் கிடந்தது. "சிக்னல் இருக்கான்னு பார்க்கறேன்" என்று விமலா தன் மகனின் கையைப் பிடித்து, அதிலிருந்த நம்பரைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள். என் போன் அடிக்கவில்லை. அவள் தன் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் போனைப் பார்த்தாள்.

"மல்லிகா, இதுல சகுந்தலா அக்கான்னு பேரு வருது."

நான் என்ன செய்ய அக்கா? என் நம்பர் எனக்கே மனப்பாடம் கிடையாது. ரீசார்ஜ் கடையில் கேட்டால் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பேன். எத்தனையோ வருஷமாக நீங்கள் ஒவ்வொரு கையிலும் எழுதும்போது உரக்கச் சொல்லிச் சொல்லி எழுதுவீர்கள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் உங்களுடையது ஒன்றுதான். பேனாவைப் பிடித்ததும் கை தானாக அதையே எழுதிவிட்டது. போன ஆடியில் நாங்கள் கொண்டுபோய்த் தகனம் செய்துவிட்டு வந்தவரின் நம்பரைப் பதினோரு பிள்ளைகள் கையில் எழுதியிருக்கிறேன்.

அப்போது விமலாவின் முகம் இன்னும் வெளுத்தது. போனை என் காதில் வைத்தாள். "நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்" என்றது.

நீங்கள் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்! பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு நிமிஷம் கழித்து என் கையிலிருந்த போன் அடித்தது. திரையில் உங்கள் பெயர். எடுப்பதா வேண்டாமா? மித்ரா மட்டும் தொலையாமல் இருந்திருந்தால், சத்தியமாக அந்தப் போனை ஏரியில் வீசியிருப்பேன்.

"மல்லிகா, மீன் வறுக்கிற கடை. நீலத் தார்ப்பாய் போட்டது. பாப்பா அங்க இருக்கு. ஓடு."

உங்கள் வீட்டுக்காரர். அண்ணா. நீங்கள் போன நாளிலிருந்து மாடியை விட்டு இறங்காத, யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத அண்ணா. உங்கள் போனுக்கு இத்தனை மாதமாகச் சார்ஜ் போட்டு பிரிட்ஜ் மேலேயே வைத்திருக்கிறாராம். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஓடினேன். மீன்காரம்மா ஒரு கையில் கரண்டியும் மறு கையில் மித்ராவுமாக நின்றிருந்தாள்.

"நீதான் ஆயாவா?"

"இல்லம்மா, கீழ்வீடு."

"கையில கீற நம்பருக்குப் போட்டா, யாரோ பெரியவரு, 'கொயந்தை கையப் புடிச்சிக்கோம்மா, புடிச்சிகினு அங்கியே நில்லு'ன்னு பத்து தபா சொல்லிட்டாரு. எண்ணெ காயுது, நான் கரண்டியப் புடிப்பனா, கொயந்தையப் புடிப்பனா? அத்த உடு. அடுத்த ஊட்டுப் புள்ளைய இட்டுகினு வந்து இப்டி உட்டுட்டு, நீ இன்னாம்மா பண்ணிகினு இருந்த?"

கூட்டம் அதிகம் என்றேன். அவள் நம்பினாள். மித்ரா நம்பவில்லை.

குனிந்து அவளைத் தூக்கப் போனேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அழவே இல்லை அக்கா, அதுதான் தாங்க முடியவில்லை. "லேப்டாப் இருந்தாலும் நான் அம்மா மடியிலதான் உட்காருவேன். எடம் இருக்கும்" என்றாள். அவள் வழி தவறிப் போகவில்லை. என் பேச்சைக் கேட்கப் பிடிக்காமல் எழுந்து போயிருக்கிறாள்.

திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். முத்தாபுதுப்பேட்டையில் நம் பிளாட் வாசலில் இறங்கியதும் கவிதா ஓடி வந்து தூக்கிக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. வம்புக்கு மட்டும் தானாகத் திறக்கிற வாய் அது.

மறுநாள் காலை என் வீட்டுக் காலிங் பெல் அடித்தது. அண்ணா! இரண்டு மாடி இறங்கி வந்து மூச்சு வாங்க நின்றார்.

"பாப்பா எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குண்ணா."

"அவங்கம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லண்ணா."

"சரி" என்று திரும்பி ஏறிப் போய்விட்டார். அதற்கு மறுநாளும் வந்தார். அதே இரண்டு கேள்வி, அதே "சரி". அதற்கு மறுநாளும். நீங்கள் இருந்தால் திட்டியிருப்பீர்கள். திட்டு வாங்கிவிட்டால் மனசு லேசாகிவிடும். இந்தச் "சரி"யை வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது? நான்காம் நாள் பெல் அடிப்பதற்கு முன்பே எழுந்து மேலே போய்க் கவிதாவின் கதவைத் தட்டினேன்.

கழுத்தில் ஹெட்போனுடன் வந்தாள். குழந்தை தொலைந்ததை, தப்பு நம்பரை, எல்லாவற்றையும் சொன்னேன். எதனால் தொலைந்தாள் என்பதையும் சொன்னேன், சட்னி, லேப்டாப் ஒன்றையும் விடாமல். சொல்லும்போது ஒன்றுகூடச் சிரிப்பாக இல்லை.

"தெரியுங்க ஆன்ட்டி. பாப்பா அன்னிக்கே சொல்லிட்டா."

"அப்புறம் ஏம்மா எங்கிட்ட ஒண்ணும் கேக்கல?"

"நீங்களா வந்து சொல்றீங்களான்னு பார்த்தேனுங்க. வரலைன்னா வீடு மாத்திக்கலாம்னு இவர்கிட்ட சொல்லியிருந்தேன்."

"இப்போ?"

"யோசிக்கறேங்க" என்று கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள். மெதுவாகச் சாத்தினால் நல்லதா கெட்டதா, அக்கா? மூன்று நாளாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாடியில் சாமான் நகர்த்துகிற சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கிறேன்.

இனிமேல் வம்பே பேச மாட்டேன் என்று உங்களுக்குச் சத்தியம் செய்தால் அங்கே இருக்கிறவர்களெல்லாம் சிரிப்பார்கள். என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். எந்தப் பிள்ளையின் காதுக்கெட்டும் தூரத்திலும் அதன் அம்மாவைப் பற்றிப் பேச மாட்டேன். கவிதா இங்கேயே இருந்தாலும் சரி, நூம்பல் பக்கம் மாறிப் போனாலும் சரி, அடுத்த காணும் பொங்கலுக்கு முதலில் போய் நிற்கப்போவது அவள் வாசலில்தான். பிள்ளையை அனுப்பு என்று கேட்க மாட்டேன். நீயும் வாயேன் என்று கேட்பேன்.

உங்களிடம் திட்டு வாங்காமல் தவிக்கிற
கீழ்வீட்டுத் தங்கச்சி,
மல்லிகா