மூன்று கிளிரிசீடியா மரங்கள்

இன்று காலை நம் மகள் ஸ்டெல்லாவின் குசினியைக் கூட்டினேன். அடுப்புக்குப் பக்கத்தில் சீமெந்துத் தரை முடியளவு பிளந்திருந்தது. அதன் வழியாக எறும்பு மண் தள்ளியிருந்தது. அந்த மண்ணில் என்னவோ மினுங்க, நகத்தால் எடுத்துப் பார்த்தேன். மைக்காத் துகள். நம் வீட்டு வளவில் மைக்கா வெட்டிய குழி வாயைச் சுற்றிக் கொட்டிய கழிவு மண்ணில்தானே அது கிடக்கும்? அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கண் மூடிய இந்த மூன்று வருஷத்தில் இப்படி நான் பயந்ததில்லை.

பலாபத்வல பக்கத்து இந்தச் சரிவு முழுவதும் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். வெள்ளைப் படிகக் கல்லும் ரோஸ் நிறக் கல்லும் சேர்ந்து ஓடும் கோட்டைக் கண்டால், "இங்க வெட்டலாம்" என்பீர்கள். அந்தக் கோட்டுக்குள்தான் மைக்கா புத்தகம் புத்தகமாக அடுக்கியிருக்கும். நீங்கள் கயிற்றில் இறங்கி வெட்டி வாளியில் அனுப்ப, நான் மேலே உட்கார்ந்து கத்தியால் தாள் தாளாகப் பிரிப்பேன். இஸ்திரிப்பெட்டிக்குள் வைக்க அது கொழும்புக்குப் போகும். "நாம இல்லாட்டி கொழும்புத் தொரைமாரு கசங்கின சட்டதான் போடணும்" என்று சிரிப்பீர்கள்.

பிறகு குழிகளில் தண்ணீர் ஊறியது, விலையும் விழுந்தது. மூன்று குழியையும் அடியிலிருந்து கல் போட்டு நிரப்பச் சொல்லிவிட்டுக் காண்ட்ராக்டர் போய்விட்டார். நீங்கள் நிரப்பவில்லை. வாயில் காட்டுக் கட்டைகளைக் குறுக்கே அடுக்கி, மேலே இடுப்பளவு மண் தள்ளி, நடுவில் குழிக்கொரு கம்பாகக் கிளிரிசீடியா நட்டீர்கள்.

"என்னங்க இது, உள்ள வெறுங்குழிதானே?"

"கம்பு தழைச்சிரும்டி. மரம் நிக்கிற எடத்துல எவன் வூடு கட்டப் போறான்? நமக்குத் தெரிஞ்சா போதும். நீ சும்மா இரு."

சும்மாதான் இருந்தேன், நல்ல பெண்டாட்டி! கேட்டவர்களிடமெல்லாம் நிரப்பியாச்சு என்றேன். அதோடு விட்டீர்களா? மிளகு போட ஆசை வந்து, அந்த மூன்று மரத்திலும் கிளை வெட்டி வளவு முழுக்க நட்டீர்கள். எல்லாம் தழைத்தது, எல்லாவற்றிலும் மிளகுக் கொடி ஏறியது. வருஷம் போகப் போக எனக்கு இடம் குழம்பிவிட்டது; எது அந்த மூன்று என்பது உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. போன வருஷம் ஸ்டெல்லா குசினி கட்ட இடம் கேட்டபோது, குழியெல்லாம் மேல் வரிசையில்தான் என்று நினைத்து, கீழே நாலு மரத்தைத் தறிக்கச் சொன்னது நான்தான்.

இன்று அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "வெளிய போ! புள்ளையத் தூக்கிட்டு வெளிய ஓடு!" என்று கத்தினேன். மருமகன் உங்கள் இரும்பு அலவாங்கோடு வந்து வாசற்படியில் நின்றபடியே பிளவில் குத்தினார். இரண்டாவது குத்தில் சீமெந்து உடைந்து ஒரு துண்டு உள்ளே போனது. சத்தமே வரவில்லை. ஏசுவே என்று நான் சொல்லி முடித்த பிறகுதான் அடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"அப்பா நெரப்பினாருன்னுதானே சொன்னீங்க?" என்று ஸ்டெல்லா வெளியிலிருந்து கேட்டாள்.

"நெரப்பல. எனக்கும் தெரியும்."

"இங்கதானே தொட்டில் கட்டிப் போட்டேன்" என்றாள். மத்தியானமே பிள்ளையோடு உக்குவளைக்கு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். உங்கள் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் தெரியுமா? என் மேல் அதைவிட.

கிராம சேவகர் வந்து குசினியைச் சுற்றிக் கயிறு கட்டினார். "மத்த ரெண்டும் எங்கம்மா?" என்று கேட்டார். வளவு முழுக்க நிற்கும் மரங்களைக் கையால் காட்டினேன். நாளைக்கு மிளகு பறிக்க வரவிருந்த பெண்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது உங்கள் அலவாங்கு என் கையில் இருக்கிறது. நீங்கள் பிடித்துப் பிடித்து வழவழப்பான அதே இடத்தில்தான் நானும் பிடித்திருக்கிறேன். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை மருமகன் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு மரத்தடியாகக் குத்திக் காது கொடுத்துக் கேட்கிறேன். கெட்டிச் சத்தம் வந்தால் மரத்தில் ஒரு துணியைக் கட்டிவிட்டு அடுத்ததுக்குப் போகிறேன்.

ஏங்க, எந்த மரம்?