துரு ஏறிய பாலம்

12 பிப்ரவரி 1995, ஞாயிறு

காலையில் ஜூஜுவாடிக்குப் போய் நாகராஜைப் பார்த்தேன். சின்னச் சின்ன பொம்மைச் சிப்பாய்களை மேஜையில் நிறுத்தி, பகடை உருட்டி நாங்கள் போர் விளையாடுவது ஆறு வருடப் பழக்கம். அந்தப் போர்க்களத்துக்கு வேண்டிய இடிந்த வீடுகளையும் சுவர்களையும் நாங்கள் வேலை பார்க்கும் கம்பெனியில் கழித்துப் போடும் தகரத் துண்டுகளில் நான்தான் செய்வேன். போன மாதம் அங்கே ஆசிட் தெறித்து அவனுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. அதற்குப் பிறகும் வாராவாரம் ஏதாவது செய்து கொண்டுபோகிறேன்.

இன்று ஒரு பாலம். உப்புத் தண்ணீர் தெளித்துத் தெளித்து, பத்து நாள் வெயிலில் வைத்துத் துரு ஏற்றியிருந்தேன். அவன் அதை விரலால் மெல்லத் தடவினான்.

“துரு நல்லா புடிச்சிருக்குடா. நடுவுல ஒடிச்சு வெச்சிருக்கியே, குண்டு விழுந்ததா?”

“ஆமா.”

“அப்ப என் ஆளுங்க ஆத்துல எறங்கித்தான் போவணும். அடுத்த வாரம் ஒரு டவர் செஞ்சு கொண்டா. ஆடலாம்.”

சரி என்றேன்.

கிளம்பும்போது அவன் மனைவி சாரதா தெருமுனை வரை கூடவே வந்தாள்.

“அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. இனிமே இதெல்லாம் கொண்டு வராதீங்க. நீங்க அந்தப் பக்கம் போனதும் அதைத் தடவித் தடவி அழுவறாரு. அன்னிக்கு முழுக்க சோறு எறங்கறதில்லை.”

அவளுக்கும் சரி என்றுதான் சொன்னேன். அடுத்த ஞாயிறு யாருக்குக் கொடுத்த வார்த்தையை மீறப்போகிறேன் என்று தெரியவில்லை. டவருக்குத் தகடு மட்டும் வெட்டி வைத்திருக்கிறேன்.