கம்பளி கட்டிப் பிடித்த பாட்டு

பூண்டுலோயா
ஆடி மாதம், 2007

அன்பு மகள் பிரேமினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் ஓயாத இந்த மழையும் சுகம். குவைத்து வெயிலில் நீயும் சுகமாக இருக்க மாரியம்மனைக் கேட்டுக்கொள்கிறேன். இன்னும் இரண்டு வருஷம் அதே வீட்டில் இருக்கட்டுமா, நீங்கள் சரியென்றால் கையெழுத்துப் போடுகிறேன் என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். போனில் பேசினால் "நல்லா இருக்கேம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுத்து. ஆனால் முதலில் பாட்டுக் கதையைக் கேள், அதைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

உன் தம்பி கிஷாந்தும் கூட்டாளிகளும் சேர்ந்து ரேடியோவுக்குக் கொடுக்கக் கட்டின பாட்டை நம் லயத்து ஒற்றை அறைக் காம்பிராவிலேயே ரெக்கார்டிங் பண்ணினார்கள். டவுனில் யாரிடமோ இரவல் வாங்கின கம்ப்யூட்டரைச் சாக்கில் சுற்றி, பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டி வருகிற மாதிரி த்ரீவீலில் கொண்டுவந்தான். வந்ததும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்புகிறதாம், வீட்டில் இருந்த கம்பளி, மழைக்கு இடுப்பில் கட்டுகிற படங்கு எல்லாவற்றையும் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டான். "நாளைக்கு காலையில பெரட்டுக்கு பேர் கொடுக்க எதப் போத்திக்கிட்டு போறது, உன் பாட்டையா?" என்று அப்பா குதித்தார். கம்பளியோ முதல் நாள் மழையில் நனைந்தது. காம்பிரா முழுக்க ஈரம் ஏறி, தப்பு மேளம் அடிக்க வந்த வீரய்யா அண்ணன், "தோலு நமுத்துப் போச்சு தங்கச்சி, நெருப்புக் காட்டணும்" என்று என் அடுப்பில் காய்ச்சினார். புகையில் பாடுகிற பையனுக்கு இருமல். புகை போகட்டும் என்று கதவைத் திறந்தால் மிஸ்டுப் பனி உள்ளே வந்து தப்பு மறுபடி தொய்ந்துவிடும். இப்படியே மத்தியானம் வரைக்கும் கூத்து. கடைசியில் கம்பளிகளை அடுப்புக்கு மேலே காயவைத்த பிறகுதான் வேலை நடந்தது. நம் சுவர்தான் கூரைவரை போகாதே, அடுத்த காம்பிராவில் தும்மினால் இங்கே நாம் நூறு ஆயுசு சொல்லுவோம். அதனால் நான் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். அம்மாக்கண்ணு அக்கா சேவலைக் கூடையில் கவிழ்த்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். லயமே மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது, அடி ஆத்தே, அப்படி ஒரு அமைதியை நான் கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து கேட்டதில்லை.

அதற்குப் பிறகு மிக்ஸிங் என்று ஒன்று. எனக்கு அதுதான் அதிசயம். ஒவ்வொருத்தர் சத்தமும் கம்ப்யூட்டரில் தனித்தனிக் கோடாக ஓடுகிறது, ஒன்றைக் கூட்டலாம், ஒன்றைக் குறைக்கலாம், மற்ற எல்லோர் வாயையும் மூடிவிட்டு ஒருத்தரை மட்டும் பேசவைக்கலாம். தேயிலை மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்து கால்கூடக் கழுவாமல் தம்பி பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். கிட்டாரை மட்டும் போடு என்பேன், தப்பை மட்டும் போடு என்பேன். "ஒனக்கு என்னம்மா இத்தனை கேள்வி" என்று அலுத்துக்கொள்வான். போன வாரம் நீ போனில் பாடின நாலு வரியை அவன் மைக்கைக் கிட்ட வைத்துப் பிடித்தானே, அப்போது நான் மலையில் நின்றேன். பாட்டோடு சேர்த்துக் கேட்டபோது எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா. என் பிள்ளையை மட்டும் தனியாகப் போடு என்றேன். "வேணாம்மா, தனியா கேட்டா நல்லா இருக்காது" என்றான். நான் விடுவேனா.

பிரேமினி, நீ பாடவில்லை, வாய்க்குள்ளே முணுமுணுத்திருக்கிறாய். பக்கத்தில் குழாய் சொட்டுகிறது. உனக்கென்று தனி அறை, உள்ளே பூட்டு என்றெல்லாம் சொன்னாயே, அது குளிக்கிற அறைதானே? மூன்றாவது வரியில் யாரோ கதவை உடைக்கிற மாதிரி அடிக்கிறார்கள். பாட்டு நடுவில் அறுந்து "கமிங் மேடம்" என்கிறாய். அந்தக் குரல் என் பிள்ளையின் குரலே இல்லை. கிஷாந்த் தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா சொல்ல வேணாம்னுச்சும்மா. அந்த இடம் கேக்காம இருக்கத்தான் தப்புச் சத்தத்த ஏத்திவிட்டேன்" என்று சொல்லி அழுதுவிட்டான். அடிக்கக் கை ஓங்கினேன், அடிக்க மனசு வரவில்லை. அப்பாவையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். எழுந்து வெளியே போய் வெகுநேரம் மழையில் நின்றார்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். கையெழுத்துப் போடாதே. எங்களுக்காக என்றும் போடாதே, தம்பிக்காக என்றும் போடாதே. கஞ்சியோ கூழோ, இருக்கிறதை நாலு பேரும் குடிப்போம். திங்கட்கிழமை அப்பா ஹட்டனுக்குப் போய், உன்னை அனுப்பின ஏஜென்சிக்காரரிடம் பேசப்போகிறார், நானும் வேலைக்குப் போகாமல் கூடப் போகிறேன். உன் நாலு வரியைப் பாட்டிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். ரேடியோவுக்குக் கொடுக்கிற தேதி போனால் போகட்டும் என்று தம்பியே சொல்லிவிட்டான். நீ வந்து இங்கே நின்று தொண்டை கிழியப் பாடு தாயி, ஒருத்தரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள்.

மாரியம்மன் உன் தலைமாட்டில் நிற்கட்டும், உன்னைக் கூட்டி வந்து எங்களிடம் சேர்க்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, கோபப்பட்டு எதிர்த்துப் பேசி வம்பில் மாட்டாதே. ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த முறை போன் எடுக்கும்போது பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்று கேட்பேன். அது அவர்களிடம் இருந்து, பக்கத்தில் ஆளும் நின்றால், வாயால் ஒன்றும் சொல்லாதே, ஒரு தரம் இருமு. இனிமேல் நான் நீ பேசுவதை மட்டுமல்ல, அதற்குப் பின்னால் இருக்கிற சத்தத்தையும் கேட்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
மீனம்மா