அதுவும் போகட்டும்

என் புடவைத் தலைப்பில் இன்ஜின் ஆயில் வாடை அடிக்கிறது. சோப்புப் போட்டுத் துவைத்தும் போகவில்லை. உங்கள் சட்டைகளில் அடித்த அதே வாடைதான். அப்போதெல்லாம் மூக்கைச் சுளிப்பேன். இன்று முகர்ந்து பார்த்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் போனபின் சும்மா நின்ற காரைக் கழுவித் துடைத்து, மந்தைவெளியிலிருந்து அடையாறு கோயிலுக்குப் பாடல்குழு ஒத்திகைக்கு நானே ஓட்டிப்போக ஆரம்பித்திருந்தேன். போன வாரம் பாலத்தில் ஏறும்போது நீலப் புகை கக்கித் திணறியது. பின்னால் வந்தவர்கள் ஹாரனாலேயே திட்டினார்கள். பெருங்குடி ஆபீஸில் இருந்த நம் ஜெரோமுக்குப் போன் செய்தேன்.

"வித்துடும்மா. எங்க போகணும்னாலும் சொல்லு, நான் வண்டி புக் பண்ணித் தரேன்" என்றான்.

நல்ல பிள்ளைதான். ஆனால் கறிவேப்பிலை வாங்கக்கூட அவனிடம் சொல்லிவிட்டுத்தான் நான் கிளம்ப வேண்டுமா? எனக்குக் கோபமாக வந்தது.

ராயப்பேட்டையில் நம் மெக்கானிக் கபூர் பாய் ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தார். காற்று மட்டும் போக வேண்டிய இடத்தில் ஆயில் சொதசொதவென்று இருந்தது.

"இன்னாம்மா, ஃபில்டர் பூரா ஆயிலா கீது? உள்ள பிஸ்டன் ரிங் தேஞ்சு போயிருந்தா இன்ஜினை எறக்கணும். அதுக்கு வித்துடலாம்."

அவரும் அதையே சொன்னார். அப்போதுதான் உங்கள் கை ஞாபகம் வந்தது. ஆயில் மாற்றும் வேலையை நீங்கள் யாரிடமும் விட்டதில்லை. அளவுக்கோடு வந்தபிறகும் டப்பாவின் அடியில் மிச்சம் இருந்தால் உங்களுக்குப் பொறுக்காது. "இத வச்சிக்கினு இன்னா பண்றது? அதுவும் போகட்டும்" என்று கவிழ்த்துவிடுவீர்கள். கிறிஸ்துமஸுக்குப் பாயசம் ஊற்றுவதும் அப்படித்தான், வாளி காலியாகும்வரை யார் டம்ளரும் தப்பாது.

"பாய், மொதல்ல ஆயில் அளவைப் பாருங்க" என்றேன்.

அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தவர் சிரித்துவிட்டார். ஆயில் கோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றது. "யாரும்மா இவ்ளோ ஊத்துனது? எடம் பத்தாம, இன்ஜின் மூச்சு உடுற பைப்பு வழியா இங்க ஏறிக்கீது."

"வேற யாரு? எங்க வீட்டுக்காரர்தான்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். பிறகு கண்ணைத் துடைக்கத் தலைப்பை எடுத்தேன், கம்பியை வாங்கிப் பார்த்த கையில் ஆயில் இருந்ததை மறந்து.

பழைய ஆயிலை இறக்கி, குழாயைக் கழுவி, புது ஃபில்டர் போட்டுக் கொடுத்தார். உள்ளே தங்கியிருந்தது எரிந்து தீரும்வரை கொஞ்சம் புகைந்தது. நேற்று பாலத்தில் திணறாமல் ஏறியது. வண்டியை விற்கவில்லை என்று ஜெரோமிடம் சொல்லிவிட்டேன்.

புது ஆயிலைக் கோட்டோடு நிறுத்தச் சொன்னேன். டப்பாவில் மிச்சம் இருக்கிறது, டிக்கியில் வைத்திருக்கிறேன். வண்டி திரும்பும்போதெல்லாம் உருண்டு சத்தம் போடுகிறது. எடுத்து யாருக்காவது கொடுத்துவிடலாம்தான். அதுவும் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.