ஒன்பது நாள் வந்துபோக

அனுப்புநர்
கல்விக் கடன் எண் 40718-இன் கடனாளி,
வெளிநாட்டில் டென்டல் லேப் தொழிலாளி.

பெறுநர்
உயர்திரு மீட்பு அலுவலர் அவர்கள்,
கல்விக் கடன் மீட்புப் பிரிவு.

பொருள்: கடன் நிலுவையோடு ஒன்பது நாள் வந்துபோவது – விமான நிலையத்தில் தடுத்து வைப்பது பற்றி எழுத்துபூர்வமான பதில் வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் இறுதி அறிவிப்பு, நாள் மார்ச் 3.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் தங்கள் நாட்டில் பிறந்து, தங்கள் அலுவலகம் கொடுத்த கடனில் கட்டடக்கலை படித்து, வேலை கிடைக்காமல் பதினோரு ஆண்டுகளுக்கு முன் வெளியேறியவன். இப்போது பல்செட் செய்கிறேன். ஒரு தவணைகூடக் கட்டவில்லை. முதல் நான்கு ஆண்டு கையில் காசில்லை. மீதி ஏழு ஆண்டு பயம். இந்த மனு தள்ளுபடி கேட்டு எழுதப்படவில்லை.

2. பிணைக் கையெழுத்துப் போட்டவர் என் அக்கா. அவருக்குப் பொய் சொல்ல வராது. நான் புறப்பட்ட அன்று அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "நீ எங்க இருக்கேன்னு எங்கிட்ட சொல்லவே சொல்லாதே. தெரிஞ்சுட்டா, கேக்கும்போது உளறிடுவேன்." ஆகவே தங்கள் ஊழியர்கள் வீடு தேடி வந்த ஒவ்வொரு முறையும் அவர் "தெரியாது" என்றது முழு உண்மை. கோப்பில் அவரை 'ஒத்துழைக்காத பிணையாளர்' என்று குறித்திருப்பதை நீக்க வேண்டுகிறேன்.

வருடத்துக்கு ஒருமுறை அவர் வேலை பார்க்கும் நூலகத்துக்குப் போன் செய்வேன். இரண்டு நிமிடம். "ஒழுங்கா சாப்பிடுறியா" என்பதைத் தாண்டி எதுவும் கேட்க மாட்டார். அங்கே மழையா வெயிலா என்றுகூடக் கேட்டதில்லை. கேட்டால் எந்த நாடு என்று தெரிந்துவிடுமாம். போன முறை வேறு யாரோ எடுத்து, "மேடம் லீவு" என்றார்கள். சரி என்று வைத்துவிட்டேன். அப்படி வைத்தது என் தப்பு.

3. தங்கள் அறிவிப்பு, இந்த நாட்டுத் தொழில் பதிவேட்டில் இருந்த என் பெயரைப் பிடித்துக்கொண்டு மார்ச் 10 அன்று லேப்புக்கே வந்து சேர்ந்தது. அதன் நான்காம் வரி, பிணையாளர் இருதய நோய்ப் பிரிவில் பேச இயலாத நிலையில் இருப்பதால் அறிவிப்பு நேரடியாகக் கடனாளிக்கு அனுப்பப்படுகிறது என்கிறது. அக்காவுக்கு முடியவில்லை என்று எனக்குத் தெரிந்தது இப்படித்தான். சொந்தக்காரர் ஒருவருக்கும் என் முகவரி தெரியாமல் நாங்களே பார்த்துக்கொண்டோம். தகவல் சொல்லத் தங்கள் அலுவலகம்தான் மிஞ்சியது. இதற்கு நன்றி சொல்வது முறையா என்று தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன். அன்றே அத்தானுக்குப் போன் செய்தேன். "வர்றதா இருந்தா இப்பவே வா. அப்புறம் வந்து பிரயோஜனம் இல்ல" என்றார்.

4. என் புகார் இதுதான். வந்தால் என்னைத் தடுப்பீர்களா என்று தங்கள் உதவி எண்ணில் கேட்டேன். "அது எங்க கையில இல்ல சார், ஏர்போர்ட்ல கேளுங்க" என்றார்கள். விமான நிலையத்தில் கேட்டேன். "லிஸ்ட்ல பேர் இருக்கான்னு நீங்க வந்து நின்னாத்தான் தெரியும்" என்றார்கள். மறுபடி தங்கள் எண். மறுபடி அவர்கள் எண். நான்கு நாளில் பதினேழு முறை. பதில் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார் என்று நினைத்துத் தங்களுக்கு எழுதுகிறேன்.

5. மார்ச் 18 காலை வந்து இறங்குகிறேன். லீவு ஒன்பது நாள்தான், 27 காலை திரும்ப வேண்டும். என்னைத் தடுக்கக் கூடாது என்று நான் கேட்கவில்லை. தடுக்கத்தான் வேண்டுமென்றால், உள்ளே வரும்போது விட்டுவிட்டு, வெளியே போகும்போது தடுக்கும்படி உத்தரவிடுங்கள். 27 அன்று பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நானே தங்கள் ஊழியர் முன் வந்து நிற்பேன். இங்கே என் வேலை போகும், அது என் பாடு. வந்த அன்றே பிடித்துவிட்டால், அக்கா படுத்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடத் தூரத்தில் ஓர் அறையில் நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். அது ஒன்று மட்டும் என்னால் முடியாது ஐயா.

17ஆம் தேதிக்குள் ஒரு வரி பதில் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் 18 அன்று வருவேன்.

நாள்: மார்ச் 14
இடம்: டென்டல் லேப், இரண்டாம் மாடி

இப்படிக்கு,
(கையொப்பம்)
கடன் எண் 40718,
பிணையாளரின் தம்பி.

இணைப்பு: அறிவிப்பின் நகல், விமானச் சீட்டின் நகல் (வருவதற்கு மட்டும்தான் எடுத்திருக்கிறேன்).