திங்கட்கிழமை நம் பாடு

பசியாவரம்
21.8.2024

அன்புள்ள தேவிக்கு,

அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் போனில் என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறாய். மூன்று மாதமாக அடித்துப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். ஐஸ் வண்டி ஓட்டும் சிங்காரம் தினமும் ஆரம்பாக்கம் வருவதால் அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

விஷயம் நம் வெப்சைட். ஆடியில் ஒரு நாளைக்குப் பதினைந்து ஆர்டர் வந்தது. போன வாரம் மொத்தமே நான்கு. நேற்று ஒன்றுகூட இல்லை. புரட்டாசியில் கவிச்சி சாப்பிடமாட்டார்கள் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்றால், அதற்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. நெட்டில் ‘பழவேற்காடு நண்டு’ என்று தேடினால் முதலில் நிற்போமே, இப்போது நான்கு பக்கம் தள்ளியும் காணோம்.

முன்பு நம்மிடம் வாங்கிய வியாபாரியிடம் இனி உனக்கு நண்டு இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னவன் நான். அவன் வண்டி நம் பக்கம் நிற்பதே இல்லை. இப்படியே போனால் மங்களூரு போட்டில் ஏறுவதைத் தவிர வழியில்லை. ஏறினால் பத்து மாதம். நீ அங்கே, நான் எங்கோ என்றால் குடும்பம் என்று என்ன மிஞ்சும்? எனக்குப் பயமாக இருக்கிறது தேவி.

பாஸ்வேர்டு உனக்கும் எனக்கும்தான் தெரியும். கோபத்தில் ஏதாவது செய்துவிட்டாயா? செய்திருந்தாலும் ஏன் என்று கேட்கமாட்டேன். சரி செய்து கொடு, போதும்.

உன்
நீலமேகம்


ஆரம்பாக்கம்
24.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவுக்கு வலி பரவாயில்லை. கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஆனால் கடைசி நான்கு வரியைப் படித்ததும் கை அங்கேதான் போனது. இரண்டு வருடம் கண் எரிய உட்கார்ந்து கட்டிய தளத்தை நானே கெடுப்பேனா? ஊர்க் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் “சைட்டு என்னுது, அவ சும்மா டைப் பண்றவ”னு சொன்னது நீங்கள். அதைத் தாங்க முடியாமல்தான் மே மாதம் கிளம்பி வந்தேன். வந்த நாள் முதல் தளத்தைத் தொடவில்லை.

இந்த மாதம் தேடுபொறி தன் விதிகளை மாற்றியிருக்கிறது. யாரை மேலே வைப்பது, யாரைக் கீழே தள்ளுவது என்று வருடத்தில் சில முறை மாற்றுவார்கள். முழுதாக யாருக்கும் சொல்லமாட்டார்கள். நிறைய சின்னக் கடைகள் கொஞ்சம் கொஞ்சம் இறங்கியிருக்கின்றன. நாம் மட்டும் அடியோடு போயிருக்கிறோம்.

மனசு கேட்காமல் வருகைக் கணக்கைத் திறந்து பார்த்தேன். ஜூனிலிருந்து திங்களும் வியாழனும் மட்டும், சாயங்காலம் ஆறு மணிக்குமேல், முந்நூறு பேர் நம்மைத் தேடி உள்ளே வருகிறார்கள். வந்த வேகத்தில் வெளியே போகிறார்கள். ஒருவர்கூட ஒரு நண்டு வாங்கவில்லை. யார் அவர்கள்? மறைக்காமல் எழுதுங்கள்.

தேவி


பசியாவரம்
28.8.2024

அன்புள்ள தேவிக்கு,

அந்த முந்நூறு பேரும் நம் ஊர்தான்.

நீ போன பிறகு பூவரசன் இறாலுக்கு ஒரு வெப்சைட் வைத்தான். பெலிக்ஸ் கருவாட்டுக்கு ஒன்று. பழவேற்காடு என்று தேடினால் யார் முதலில் வருவது என்று மூன்று பேருக்கும் சண்டை. கைகலப்பு வரை போய்விட்டது. தலைவர் சீனிவாசன்தான் கூட்டம் போட்டார். “ஏரியில ஆளுக்கு ஒரு நாளுனு பாடு வெச்சி வலை போடுறோம். எவனாவது அட்சிக்கிறானா? நெட்டுக்கும் அதே மாதிரி பாடு வைங்கடா”ன்னார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான்.

திங்களும் வியாழனும் நம் பாடு. செவ்வாயும் வெள்ளியும் பூவரசனுக்கு. புதனும் சனியும் பெலிக்ஸுக்கு. விளக்கு வைத்ததும் வீட்டில் இருக்கிற எல்லாப் போனிலும் தேடி, அன்றைக்கு யார் பாடோ அவர் வெப்சைட்டை மட்டும் தொட வேண்டும். மறந்த வீட்டுக்குத் தலைவர் ஆள் அனுப்பிக் கேட்பார். முதல் மாதம் மூன்று பேருமே மேலே ஏறினோம் தேவி. கோயிலில் பொங்கல் வைத்தோம். இப்போது மூன்று பேரையும் காணோம்.

இன்னொன்றும் இருக்கிறது. பொன்னேரியில் ஒருவன் சொன்னான் என்று நீ எழுதியதையெல்லாம் எடுத்துவிட்டேன். ‘இன்று பௌர்ணமி, நண்டில் சதை இருக்காது, நான்கு நாள் பொறுத்து வாங்குங்கள்’ என்று எழுதுவாயே, அதைப் படித்துவிட்டு “வர்ற கிராக்கியத் துரத்துறதுக்கா சைட்டு?”ன்னான். பழவேற்காடு நண்டு, பழவேற்காடு நண்டு என்று நாற்பது தடவை போட்டுக் கொடுத்தான். உன் போட்டோவையும் பேரையும் மட்டும் அவன் எடுக்கச் சொல்லவில்லை. உன்மேல் இருந்த கோபத்தில் நானே எடுத்தேன். என்னைத் திட்டிக்கொள். ஆனால் வழி சொல்.

நீலமேகம்


ஆரம்பாக்கம்
1.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

பாடு வைத்த கதையைப் படித்து, தலையில் கைவைத்துச் சிரித்தேன். அம்மா பயந்துபோய் உள்ளிருந்து ஓடி வந்துவிட்டாள். அடுத்த பத்தியைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது.

வாங்குகிறவர் யார், ஊரே கூடித் தொடுவது எது என்று அந்த இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும். அதை ஏமாற்று வேலையாகத்தான் எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை என்று அதனிடம் போய் யார் சொல்வது? என் பக்கங்களை எடுத்தது இன்னும் மோசம். விஷயம் தெரிந்த ஆள் அனுபவித்து எழுதியதைத்தான் இனி மேலே வைப்போம் என்று புது விதி சொல்கிறது. இருந்த ஒரே ஆளையும் நீங்கள் துடைத்துவிட்டீர்கள்.

நான் சரி செய்து பார்க்கிறேன். மூன்று மாதம் ஆகலாம், ஆறு மாதம் ஆகலாம், திரும்பி வராமலே போகலாம். யாராலும் உறுதி தர முடியாது. எனக்கும் பயம்தான்.

ஆனால் இரண்டு காரியம் நீங்கள்தான் செய்ய வேண்டும். ஒன்று, கூட்டத்தில் சொல்லி நெட்டுக்குப் பாடு வைப்பதை நிறுத்துங்கள். இரண்டு, இந்தத் தளத்தைக் கட்டியது தேவி என்று அதே கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். தனியாக என்னிடம் சொல்வது வேண்டாம். எங்கே என்னை ஒன்றுமில்லை என்றீர்களோ அங்கே சொல்ல வேண்டும். சொன்ன மறுநாள் நான் பெட்டியோடு வந்து இறங்குகிறேன். மங்களூரு பேச்சே வேண்டாம்.

தேவி


பசியாவரம்
16.9.2024

அன்புள்ள தேவிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. நேற்றுத்தான் கூட்டம் நடந்தது. பாடு வைப்பதை நிறுத்தியாகிவிட்டது. தலைவருக்கு வருத்தம்தான், ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது காரியத்துக்கும் எழுந்து நின்றேன். பொய் சொல்லவில்லை, எழுந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பூவரசன், “இன்னாடா, இன்னும் இன்னா கீது?”ன்னான். அத்தனை பேர் முன்னால் அன்றைக்கு ஒன்று சொல்லிவிட்டு இன்றைக்கு வேறு சொன்னால் காலத்துக்கும் வைத்துக் கிண்டல் செய்வார்கள். “ஒண்ணுமில்ல”னு சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

நாளைக்குப் புரட்டாசி பிறக்கிறது. இனி ஆர்டரை எதிர்பார்க்க முடியாது. நாளை மறுநாள் மங்களூரு கிளம்புகிறேன். வந்த பிறகு கட்டாயம் சொல்கிறேன் தேவி. அடுத்த கூட்டத்திலேயே சொல்கிறேன். அதுவரை நீ வெப்சைட்டைப் பார்த்துக்கொள். விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன். ஒரு வரி போடு.

உன்
நீலமேகம்


ஆரம்பாக்கம்
10.11.2024

நீலமேகத்துக்கு,

போட்டில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? அந்தப் பக்கம் கடல் மோசம் என்று சொல்கிறார்கள். ஜாக்கிரதையாக இருங்கள்.

தளத்தில் நாற்பது நண்டையும் எடுத்துப் போட்டுவிட்டு, என் பேரில் பழையபடி எழுதுகிறேன். காற்று அடித்து வலை போடாத அன்று நண்டு இல்லை என்று எழுதுகிறேன். போன வாரம் இரண்டாம் பக்கத்துக்கு வந்திருக்கிறோம். தினம் மூன்று நான்கு ஆர்டர். அண்ணா நகரிலிருந்து ஒரு அம்மா போன் செய்து, “எங்கம்மா போயிட்ட நீ? வேற யாரோ எழுதுறாங்கன்னு வாங்குறதையே விட்டுட்டேன்”ன்னார். விதிகள் மறுபடி மாறப்போகின்றன என்று பேச்சு. காலையில் எழுந்ததும் எந்த இடத்தில் நிற்கிறோம் என்றுதான் இன்றைக்கும் முதலில் பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பசியாவரம் போயிருந்தேன். கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஓரமாக நின்று என் முறை வரட்டும் என்று காத்திருந்தேன். பிறகு, “சைட்டைக் கட்டனது நான். எழுதறது நான். இனிமே என் பேர்லதான் நடக்கும்”னு சொன்னேன். தலைவர் நிமிர்ந்து பார்த்து, “அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேம்மா”ன்னார். பூவரசன் தன் இறால் வெப்சைட்டையும் பார்த்துத் தரச் சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்து கோயில் கூரை மாற்றுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அவ்வளவுதான் அது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். உங்கள்மேல் கோபத்தில் இல்லை. இந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்து பத்து மாதக் கடலுக்குப் போய்விட்டாரே என்றுதான். அழுது முடித்துவிட்டேன்.

நீங்கள் திரும்பி வந்து நண்டு பிடித்தால், மற்றவர்களிடம் வாங்குவதுபோல் உங்களிடமும் வாங்குகிறேன். சிங்காரத்தின் வண்டியில் கொடுத்தனுப்பினால் போதும். ஊருக்கு வரும்போது சென்னையிலிருந்து ரயிலேறி, பசியாவரத்துக்குப் போகப் பொன்னேரியிலேயே இறங்கிக்கொள்ளுங்கள். ஆரம்பாக்கம் வரை வர வேண்டாம்.

தேவி